மேப்பில் இல்லாத ஊருக்கு ஒரு கிளப்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர் கொல்கத்தாக்காரர், ஈஸ்ட் பெங்கால் ரசிகர். ஐஎஸ்எல் என்கிற தேசிய ஃபுட்பால் லீக்குக்கு வந்து முதல் ஐந்து சீசனும் அந்த டீம் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. தோற்ற ராத்திரி அவர் சாப்பிடுவதில்லை. அவர் அப்பாவும் அப்படித்தானாம், தாத்தாவும் அப்படித்தானாம். ஜெயிக்கிற டீமுக்கு மாறிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? உள்ளூர் கிளப் ஒன்றின் மேல் ஆயுசுக்கும் இப்படி ஒரு பிடிப்பு எப்படி வருகிறது?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "மாறிக்கொள்ளேன்" என்று அவரிடமே கேட்டுவிடாதீர்கள். உங்கள் குலதெய்வம் கேட்டதைக் கொடுப்பதில்லையே, பக்கத்து ஊர்ச் சாமிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கு அப்படித்தான் இருக்கும்.

நான் வங்கி வேலையில் மாற்றலாகி 1994-ல் கொல்கத்தா போனேன். ஒன்பது வருஷம் இருந்தேன். ஜாதவ்பூரை ஒட்டிய பிஜய்கரில் மாடி போர்ஷன். வீட்டுக்காரரை மேஷோமஷாய் என்று கூப்பிடுவேன், நம் கணக்கில் சித்தப்பா முறை. வீடு பார்க்கப் போன அன்று அவர் அட்வான்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. "மதராஸா? வெங்கடேஷ் ஊர்க்காரன்" என்று உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். எந்த வெங்கடேஷ் என்று எனக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தேன். வீடு கிடைத்துவிட்டது.

அந்த வெங்கடேஷ் யார் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

மேஷோ பிறந்தது பாரிசாலில், இன்றைய பங்களாதேஷின் தெற்குப் பக்கம். 1950 கலவரத்தில் அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் கிளம்பி வந்தார்கள். இவருக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா, அம்மா, ஒரு தகரப் பெட்டி. பிஜய்கர் என்பதே இரண்டாம் உலகப் போரில் ராணுவம் விட்டுவிட்டுப் போன கொட்டகைகளில் அகதிகள் குடியேறி உண்டாக்கிய காலனி. தெற்குக் கொல்கத்தாவில் அந்த மாதிரி இடங்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கு வங்காளிகளின் பேச்சில் வீட்டுக்கு இரண்டு சொல் உண்டு. பூர்வீக வீடு 'பாரி'. பிழைப்புக்குத் தங்கியிருக்கும் வீடு 'பாஷா'. மேஷோ சொந்தக் காசில் கட்டிய மாடி வீட்டில் இருந்துகொண்டு, வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆன பிறகும், அதை பாஷா என்றுதான் சொல்வார். பாரி பாரிசாலில் இருந்தது. அங்கே திரும்பிப் போக வழியில்லை.

அந்த மாதிரி ஜனங்களுக்கு, கொல்கத்தா மைதானில் 'ஈஸ்ட் பெங்கால்' என்று பேர் வைத்த ஒரு அணி சிவப்பும் மஞ்சளுமாக இறங்குகிறது என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது; 1955-ல் மேப்பில் அந்தப் பேரும் அழிந்துபோய், கிழக்கு பாகிஸ்தான் ஆகிவிட்டது. சட்டையில் மட்டும் இருக்கிறது. அதுவும் அவர்கள் வந்து இறங்கியது அந்தச் சட்டை ஜெயித்துக்கொண்டிருந்த காலம். 1949-ல் கொல்கத்தா லீக், ஐஎஃப்ஏ ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் அவர்களுக்கே. ஷீல்டை 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று தடவை வாங்கினார்கள். அகதி முகாமில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறவன், சாயங்காலம் மைதானில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்' என்பார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தெற்கிலிருந்து வந்தவர்கள். ஊரை இழந்த வங்காளிகளின் மானத்தை அந்த வருஷங்களில் காலில் கட்டிக்கொண்டு ஓடியது வங்காளிகளே அல்லாத ஐந்து தென்னிந்தியர்கள். மேஷோவுக்கு விந்திய மலைக்குக் கீழே எல்லாமே மதராஸ்தான், எல்லாருமே வெங்கடேஷின் ஊர்க்காரர்கள்தான். எனக்கு வாடகையில் ஐம்பது ரூபாய் குறைத்ததற்கும் அதுதான் காரணம் என்று பிற்பாடு அவர் மனைவி மாஷிமா சொன்னார்.

கிளப் ஆரம்பித்தபோது இந்த அகதிக் கதை எதுவும் கிடையாது. 1920 ஜூலை 28, ஜோராபாகன் கிளப்புக்கும் மோகன் பாகனுக்கும் ஆட்டம். ஜோராபாகன் தன் ஆட்டக்காரர் ஷைலேஷ் போஸை அணியில் சேர்க்காமல் விட்டது. உபதலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி ஏன் என்று கேட்டிருக்கிறார். சரியான பதில் வராததால் விலகினார். அவரும் சிலரும் சேர்ந்து ஆகஸ்ட் 1-ஆம் தேதி புதுக் கிளப் தொடங்கினார்கள். பெரும்பாலும் கிழக்குப் பக்கத்துக்காரர்கள் என்பதால் அந்தப் பேர். ஒரு ஆளை உட்கார வைத்த கோபத்தில் பிறந்தது, அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் கழித்து நாடு இரண்டாகப் பிரிந்தபோதுதான் அந்தப் பேர் கனத்தது.

மோகன் பாகனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் அநியாயம். (மேஷோ இதைப் படித்தால் மறுபடி வாடகையை ஏற்றுவார்.) 1889-ல் தொடங்கிய கிளப். 1911 ஜூலை 29, ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று ஜெயித்தார்கள். பதினொரு பேரில் சுதீர் சாட்டர்ஜி ஒருவருக்குத்தான் காலில் பூட்ஸ். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். மைதானத்துக்குள் இடம் கிடைக்காத கூட்டத்துக்கு ஸ்கோர் தெரிவதற்காகப் பட்டம் பறக்கவிட்டார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தை வெறுங்காலோடு ஜெயித்த கிளப் என்ற பெருமை இன்றும் அவர்கள் வீடுகளில் சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே வருகிறது. ஆனால் அந்த அணியின் கேப்டன் ஷிப்தாஸ் பாதுரியே கிழக்கு வங்கத்து ஃபரித்பூர்க்காரர். இதை மேஷோ மாதம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் இருக்க மாட்டார். மேற்கு வங்கப் பூர்வீகக்காரர்கள் 'கோட்டி', கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. கோட்டி என்றால் மோகன் பாகன், பாங்கால் என்றால் ஈஸ்ட் பெங்கால். கறுப்பு-வெள்ளை முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றாவது. 1934 முதல் 38 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் லீக்கை வாங்கிய கிளப். அதற்குத் தனிப் பதில்தான் எழுத வேண்டும்.

மீன் விஷயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பாகன் ஜெயித்தால் சிங்ரி. இலிஷ் என்பது நம் கடற்கரையில் உல்லம் என்கிற மீன், பத்மா ஆற்றில் பிடித்ததுதான் அவர்களுக்கு உசத்தி. சிங்ரி என்பது இறால். இந்த இரண்டு கிளப்பும் மோதும் பெரிய ஆட்டத்துக்கு மறுநாள் காலை மார்க்கெட்டில் எந்த மீன் விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே ரிசல்ட் தெரிந்துவிடும். மேஷோ வீட்டில் இறால் வாசல்படி ஏறியதில்லை. மாஷிமாவின் அம்மா வீடு கோட்டி, கல்யாணத்துக்கு முன் அவருக்கு இறால் உயிர். முப்பது வருஷமாகத் தங்கை வீட்டுக்குப் போகும்போதுதான் சாப்பிடுவார். திரும்பி வந்ததும் மேஷோ ஒன்றும் கேட்க மாட்டார். அன்று முழுக்கக் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்.

1997 ஜூலை 13-ஐச் சொல்ல வேண்டும். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இந்த இரண்டு அணிகளுக்கும் பெடரேஷன் கோப்பை அரையிறுதி. அன்று வந்த கூட்டம் 1,31,000-க்கு மேல். இந்தியாவில் ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்பும் கூடியதில்லை, பின்பும் இல்லை என்பார்கள். மோகன் பாகன் கோச் அமல் தத்தா 'டைமண்ட்' என்று ஒரு அமைப்பைக் கொண்டுவந்திருந்தார்; டீம் அருமையாக ஆடிக்கொண்டிருந்தது. மனுஷருக்கு வாய் கொஞ்சம் அதிகம். எதிரணியின் பைச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார், சோசோவை 'ஷோஷா', அதாவது வெள்ளரிக்காய் என்றார். ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. பானர்ஜிக்கு அது போதும். ஆட்டக்காரர்களை உசுப்பிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் தெருவிலிருந்து ஒரு மேடடோர் வண்டி பிடித்துப் போனோம். பின்னால் முப்பது பேர், நின்றுகொண்டேதான். மேஷோ வெள்ளை வேட்டியில் இஸ்திரி கலையாமல் டிரைவர் பக்கத்தில். மடியில் குடை. அந்தக் குடை 1975-ல் வாங்கியது. மழை பெய்தாலும் அதைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் கோல் விழும், நம் பக்கம். கேலரியில் உட்கார இடமில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் தெரிந்ததுதான் நான் பார்த்த ஆட்டம். பைச்சுங் மூன்று கோல் போட்டார். 4-1. நாலாவது விழுந்தபோது கான்கிரீட் கேலரி காலுக்கடியில் அதிர்ந்தது; உண்மையிலேயே பயந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மேஷோ ஆடவில்லை, கத்தவில்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "பாபா பார்க்கலையே" என்றார். அவர் அப்பா செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

இதைத்தான் உங்கள் நண்பரிடமும் நீங்கள் பார்க்கிறீர்கள். அவர் ஒரு டீமைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவருக்கோ அது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த இடம், தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர். ஜெயிக்கிற டீமுக்கு மாறுவதென்றால் அந்த இடத்திலிருந்து எழுந்து போக வேண்டும்.

இந்தப் பிடிப்பு எப்போதும் அழகாகவே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. 1975 ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்தது. அதைத் தாங்க முடியாமல் மோகன் பாகன் ரசிகர் ஒருவர் உயிரை விட்டார். 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கேலரியில் அடிதடி, நெரிசல். 16 பேர் செத்தார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போன பையன்கள். இன்றும் அந்தத் தேதியில் கொல்கத்தாவில் ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். கேலரியில் பரிமாறிக்கொள்ளும் வசவுகளும் லேசானவை இல்லை. ஈஸ்ட் பெங்கால்காரர்களைப் பார்த்து 'காட்டா தார்' என்பார்கள். முள்கம்பி, அதாவது வேலி தாண்டி வந்தவன். மூன்றாம் தலைமுறைப் பையனைப் பார்த்து, இந்த ஊரிலேயே பிறந்தவனைப் பார்த்து, விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். விளையாட்டாகவே இருந்தாலும் அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்கிறவனுக்கும் தெரியும்.

2020 ஜனவரியில் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தபோது, சால்ட் லேக்கில் பெரிய ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு பேனர் விரிந்தது: "ரொக்தோ தியே கேனா மாட்டி, காகோஜ் தியே நொய்." ரத்தம் கொடுத்து வாங்கின மண், காகிதம் கொடுத்து இல்லை. அன்று ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். ஸ்கோர் மறந்துபோயிருக்கும், அந்த பேனர் மறக்கவில்லை. அதே கேலரிகள் 2024 ஆகஸ்டில் வேறு மாதிரி நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொல்லப்பட்ட கொதிப்பில் ஊர் இருந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி டுராண்ட் கோப்பையில் இரண்டு அணிகளும் மோதவிருந்த ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். சிவப்பு-மஞ்சளும் பச்சை-மெரூனும் கலந்து நின்று, இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷம் போட்டார்கள். ஒருவர் தோளில் இன்னொருவர். தடியடியும் சேர்ந்தே விழுந்தது.

சரி, தோல்விக்கு வருவோம். உங்கள் நண்பரின் தலைமுறைக்கு வாய்த்தது நல்ல காலம் இல்லை. 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வாங்கியதை யூடியூபில்தான் பார்த்திருப்பார். 2012 பெடரேஷன் கோப்பைக்கு அப்புறம் அடுத்த தேசியக் கோப்பை 2024 ஜனவரி சூப்பர் கப்தான். ஐஎஸ்எல்லில் முதல் ஐந்து சீசனில் ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நடுவில் முதலீட்டாளர்கள் வந்தார்கள், போனார்கள். கிளப் நிர்வாகம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தபோது 2021 ஜூலையில் ரசிகர்கள் கிளப் வாசலிலேயே திரண்டு போலீஸிடம் அடி வாங்கினார்கள். கிளப்புக்காகக் கிளப்போடு சண்டை. மோகன் பாகன் பக்கமும் நிலைமை வேறு மாதிரி இல்லை. 2020-ல் ஏடிகே அணியோடு இணைத்து 'ஏடிகே மோகன் பாகன்' என்று பேர் வைத்ததும் ரசிகர்கள் 'ரிமூவ் ஏடிகே' என்று மூன்று வருஷம் விடாமல் நின்றார்கள். காசு வந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள், டீம் மேலே ஏறியது. ஆனாலும் அந்த மூன்று எழுத்து தொண்டையில் முள்ளாகவே நின்றது. 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வாங்கிய ராத்திரிதான் பேரை மாற்றுவதாக உரிமையாளர் அறிவித்தார். நிறையப் பேர் கோப்பையைவிட அதைத்தான் கொண்டாடினார்கள்.

பேர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. ஐ-லீக் என்கிற இன்னொரு தேசிய லீக்கின் 2018-19 சீசன், கடைசி நாள், 2019 மார்ச் 9. கோப்பைக்குச் சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும்தான் போட்டி. சென்னை சிட்டி பேரில்தான் சென்னை, ஆடியது கோவையில். நான் ரிட்டயர் ஆகிக் கோவையில் செட்டில் ஆகியிருந்ததால் நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். எதிரணி மினர்வா முதல் கோலைப் போட்டது. கையில் போன், அதில் கோழிக்கோடு ஸ்கோர். அங்கே கோகுலம் கிளப்போடு ஈஸ்ட் பெங்கால். எனக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று சத்தியமாகத் தெரியவில்லை. உடம்பு கோவையில் கைதட்டுகிறது, கட்டைவிரல் போனைத் தேய்க்கிறது. கடைசியில் கோவையில் சென்னை சிட்டி 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1. இரண்டு பேரும் ஜெயித்தும் 43 புள்ளிக்கு 42 என்று கோப்பை இங்கே வந்தது. மேஷோவுக்கு போன் போட்டேன். "உன் ஊர் ஜெயித்தது, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் சில வருஷத்தில் சென்னை சிட்டி தேசிய லீக்கிலேயே இல்லாமல் போனது. கோவையில் யார் வீட்டிலும் அன்று சோறு மிஞ்சவில்லை. நல்ல டீம், நல்ல ஆட்டம், உண்மையான சாம்பியன். ஆனால் அதன் பேரில் யாருடைய அப்பாவும் இல்லை. நம்மிடம் பிடிப்பு குறைச்சல் என்று இதற்கு அர்த்தம் பண்ண மாட்டேன். வியாசர்பாடியில் போய்ப் பாருங்கள், தெருவுக்குத் தெரு ஃபுட்பால்தான். பிடிப்பு ஊற நாள் வேண்டும், அந்த கிளப்புக்கு நாள் கிடைக்கவில்லை.

கடைசியாக நந்தகுமார். ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகனிடம் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றிருந்தது. நாலரை வருஷமாகப் பெரிய ஆட்டத்தில் ஒரு ஜெயம் இல்லை; பிஜய்கரில் இலிஷ் வாங்கவே சாக்கு இல்லை. 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை. அறுபதாவது நிமிஷத்தை ஒட்டி, அந்த சீசனில்தான் சேர்ந்திருந்த சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலப்பக்கம் பந்தை வாங்கி உள்ளே வெட்டினான். இடது காலால் வளைத்து அடித்தான். 1-0. கோவையில் என் வீட்டு ஹாலில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தின கத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஆட்டம் முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன். மேஷோவுக்கு எண்பத்திரண்டு வயது. காது சரியாகக் கேட்காது, அதனால் அவரே கத்துவார். "அந்தப் பையன் மதராஸாமே!"

"ஆமாம் மேஷோ, சென்னை."

"எனக்குத் தெரியும். வெங்கடேஷ் ஊர்க்காரன்." பேத்தியிடம் போனைக் கொடுத்து அவன் பேரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பின்னால் அவர் இலிஷ் என்ன விலை என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து அதே கோப்பைக்கு ஃபைனல், மறுபடி அதே இரண்டு அணி. மோகன் பாகனில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். மிச்சம் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 1-0 என்று ஜெயித்தார்கள். ஒரு மணி நேரம் பொறுத்து நான் போன் பண்ணினேன். மாஷிமாதான் எடுத்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார், நாளைக்குப் பேசு என்றார்.